எல்லைக்கோடு வரைக்கும்

கண்ணாடிச் சவவண்டியின் பின்கதவைச் சாத்திவிட்டு, பெரியப்பா சேஷாத்ரி மிருதுளாவின் கையைப் பிடித்து நிறுத்தினார். "நம்மாத்துல பொம்மனாட்டிகள் மயானத்துக்கு வர்றதில்லே. நீ அம்மாவோட இரு."

அப்பாவைக் கடைசிவரை கொண்டுபோய் விடவேண்டும், அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். ஆனால் பெரியப்பாவிடம் யார் வாயைக் கொடுப்பது?

வண்டிக்குள்ளே படுத்திருந்த அப்பா வெங்கட்ராமன் வங்கியில் ஓய்வுபெற்றவர், சைக்கிள் பந்தயப் பைத்தியம். ஜூலை வந்தால் பிரான்சில் எவனோ மலையேற, இங்கே சால்ட் லேக் வீட்டில் இவருக்கு மூச்சு வாங்கும். பெருமாள் படத்துக்குப் பக்கத்திலேயே இத்தாலிய சாம்பியன் ஃபாஸ்தோ கொப்பியின் படம். எந்த மலைக்கும் அசராத அந்த மகராசன் மலேரியாவில் செத்தார். போன வாரம் தனக்கும் மலேரியா என்று தெரிந்ததும் இந்த மனுஷர் பயப்படவாவது செய்தாரா? "கொப்பிக்கு வந்த ஜுரம்டி எனக்கு" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிரித்தார்.

தெருமுனையில் சக்கரங்களின் கிரிகிரி கேட்டது. ஞாயிறுதோறும் அவருடன் நியூ டவுனில் சைக்கிள் ஓட்டும் கும்பல், பந்தயச் சட்டைகளில் மஞ்சளும் சிவப்புமாக வந்து நின்றது. இழவு வீட்டுக்கு வருகிற லட்சணமா இது என்று பெரியப்பா முணுமுணுத்தார். கும்பலில் மூத்தவரான சந்தீப்தா மாடிப்படிக்கு அடியிலிருந்து அப்பாவின் சைக்கிளை உருட்டிவந்து மிருதுளாவிடம் நீட்டினார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்பா எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! "நாள்கணக்கா நடக்கற பந்தயத்துல ஒருத்தன் செத்துட்டா, மறுநாள் யாரும் போட்டி போட மாட்டா. ஒண்ணா மெதுவா வந்து, எல்லைக்கோட்டுக்கிட்ட அவனோட ஆட்களை முன்னாடி விட்டுடுவா. அதனாலதாண்டி அவாள்லாம் சாம்பியன்."

வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். "போ" என்றாள் அம்மா. பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியில் ஏறினார்; மிருதுளா அப்பாவின் சைக்கிளில் ஏறினாள்.

நிம்தலா மயானம் வரைக்கும் ஒரு சைக்கிளும் வண்டியை முந்தவில்லை. டாக்ஸிக்காரர்கள்கூட ஹாரன் அடிக்காமல் ஒதுங்கினார்கள், அதுவும் இரைச்சல் ஓயாத இந்த ஊரில்! அப்பா எப்பேர்ப்பட்டவர்களோடு பழகியிருக்கிறார் என்று நினைக்கையில் மிருதுளாவுக்கு அழுகை முட்டியது.

மயான வாசல் தெரிந்ததும் பின்னால் பிரேக்குகள் ஒன்றாகப் பிடித்தன. திரும்பிப் பார்த்தாள். அத்தனை பேரும் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றிருந்தார்கள்.

அவள் மட்டும் வாசலைக் கடந்தாள். வண்டியிலிருந்து இறங்கிய பெரியப்பா நேரே அவள் முன்னால் வந்து நின்றார். பிறகு கையை நீட்டி, அவள் இறங்குவதற்குத் தோதாக சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்.