நம்ம ஆள்

"அந்தப் பெண் ஏன் கணவரின் அண்ணனிடம் அனுமதி கேட்க வேண்டும்?" என்று என் மேற்பார்வையாளர் மறுபடியும் கேட்டபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. குடும்ப ஆலோசகர் வேலையில் இது கட்டாயம். நாளெல்லாம் அடுத்தவர் அழுகையைக் கேட்டுவிட்டு, அவ்வப்போது ஒரு மூத்தவர் முன் உட்கார்ந்து எல்லாவற்றையும் இறக்கிவைக்க வேண்டும். தப்பு இருந்தால் அவர் சொல்வார். நல்ல மனிதர்தான், வேற்று மொழிக்காரர். ஆனால் கணவனின் அண்ணன் மூத்தார், தங்கை நாத்தனார் என்று உறவுமுறையைப் படம் வரைந்து விளக்கி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடும். நம்ம ஆள் ஒருவர் வேண்டும் என்று மேலிடத்தை நச்சரித்தேன். அப்படித்தான் புது மேற்பார்வையாளராக அக்கா கிடைத்தார்.

முதல் நாள், "அவங்க மூத்தார் இருக்காரே..." என்று நான் இழுத்ததுமே, "வீட்ல அவர் வச்சதுதான் சட்டமாக்கும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை வருஷத்துச் சுமை! தையல் வேலை செய்யும் அந்தப் பெண்ணைப் பற்றிக் கொட்டித் தீர்த்தேன். பெயர் சொல்லக்கூடாது, சொல்லவில்லை. மற்றதெல்லாம் சொன்னேன். கணவன் அடித்து விரல் முறிந்ததை, இரண்டு பெண் பிள்ளைகளோடு அவள் ஓடிவந்ததை, பஸ் டிப்போ எதிரே பேக்கரி மாடியில் நான் பிடித்துக்கொடுத்த அறையை. சொந்த மொழியில் பேசும்போது வாய்க்குக் கடிவாளம் இருப்பதில்லை.

இன்று நாலாவது முறை. அக்கா பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

"அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?"

"இப்பத்தான் பயமில்லாம தூங்குறாங்களாம்க்கா."

"ம். சின்னவளுக்கு மூச்சு இழுப்பு கொறஞ்சுதா?"

கொஞ்சம் பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, டம்ளரைக் கீழே வைத்தேன். இழுப்பைப் பற்றி நான் வாயே திறந்ததில்லை.

"அவங்கள உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"நம்ம ஆளுங்கள்ல யாருக்கு யாரைத் தெரியாது? அவ கல்யாணத்துக்கே போயிருக்கேன்." சிரித்தார். "அவன் கோவக்காரன்தான், இல்லேங்கல. ஆனா ரெண்டு பொண்ணுங்கள வச்சுக்கிட்டுத் தனியா எத்தனை நாளைக்கு? பெரியவங்க உக்காந்து பேசினா தீராததா? மூத்தார்கிட்ட எடத்தைச் சொல்லி, பக்குவமா கூட்டிட்டு வாங்கன்னேன்."

"எப்போ சொன்னீங்க?"

"காலையிலதான். எல்லாம் நல்லதுக்குத்தாம்மா." என் கையைத் தட்டிக்கொடுத்தார். வஞ்சகம் துளியும் இல்லாத முகம். அதைப் பார்க்கத்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வராந்தாவுக்கு ஓடிவந்து போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் சின்னவள் எடுத்தாள்.

"அம்மாகிட்ட குடு, கண்ணு. சீக்கிரம்."

"அம்மா குளிக்கிறாங்க ஆன்ட்டி."

"கதவு பூட்டியிருக்கா? யார் வந்தாலும் தெறக்காதீங்க, என்ன?"

"யாரும் வரல. பெரியப்பாதான் வந்திருக்காரு. அப்பாவும் வந்திருக்காராம். அக்கா ஸ்டூல் போட்டு ஏறிட்டா, மேல் தாப்பா எட்டல."

"தெறக்க வேண்டாம்னு சொல்லு! சொல்லும்மா!"

போனை எங்கோ வைத்துவிட்டாள். ஸ்டூல் தரையில் உரசும் சத்தம். குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சம்க்கா, இன்னும் கொஞ்சம்" என்று சின்னவள் கைதட்டி உற்சாகப்படுத்துவது தெளிவாகக் கேட்டது.