மாவு டப்பாவின் மூடி

"அந்தக் கிண்ணத்தை மட்டும் எடுக்காதே."

"ஏன்ப்பா? பெருசா இருக்கே. சர்க்கரையைக் கொட்டி நடுவுல வெச்சா அவங்கவங்க எடுத்துப் போட்டுக்குவாங்க."

"எடுக்காதேன்னா எடுக்காதே. உங்கம்மா அதுல எதையும் போடமாட்டா."

"அம்மா வந்து திட்டவா போறாங்க?"

சொன்ன பிறகுதான் மகளுக்கு உறைத்தது. முக்காலிமேல் ஏறி, கையை உயர்த்திய நிலையிலேயே நின்றுவிட்டாள். அவர் அவளைப் பார்க்காமல் அலமாரியைப் பார்த்தார். பிறகு அவளாகவே கிண்ணத்தைத் தாண்டிக் கையை நகர்த்தி, பக்கத்திலிருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். காகிதக் கோப்பைகள் காலையிலேயே தீர்ந்துபோயிருந்தன. வாசலில் ஆட்கள் நிறைந்துகொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி பெரிய பிளாஸ்கில் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

நேற்று மதியம் வரை அவர் மனைவி உயிரோடு இருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. யாரோ ஒருவரின் காதில் புதுச் சட்டத்தைப் பொருத்தி, சாய்ந்திருக்கிறதா என்று எட்ட நின்று பார்த்திருக்கிறாள். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான். அவர் அப்போது பேருந்தை ஓட்டிக்கொண்டு ஊரின் மறுகோடியில் இருந்தார். செய்தி வந்த பிறகும், ஏறியிருந்தவர்களைக் கடைசி நிறுத்தம்வரை கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் வந்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

கூடத்தின் ஒரு சுவர் முழுக்க அவளுடைய பாத்திரங்கள். எல்லாம் வெள்ளை, எல்லாம் பழையவை. தட்டுகள், கூஜாக்கள், குழம்புக் கிண்ணங்கள், கைகழுவும் பேசின். தடித்த பீங்கான், கையில் எடுத்தால் கல்லைத் தூக்கிய மாதிரி இருக்கும். அதனால் அவள் 'கல்பீங்கான்' என்பாள். கீழ்த்தட்டில் விளிம்பு உதிர்ந்த எனாமல் குவளைகள், ஒரு தராசு, கைப்பிடி சுற்றினால் இன்னமும் சுற்றுகிற காப்பிக்கொட்டை அரவை. பலகைகளை அறுத்துச் சுவரில் அடித்துக் கொடுத்தது அவர்தான். கனம் தாங்கவேண்டும் என்று ஒவ்வொரு பலகைக்கும் ஆணியை இரட்டிப்பாக அடித்திருந்தார். தன் பங்கு அதோடு முடிந்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்துகொண்டார்.

ஏனென்றால் பழைய சாமான் சந்தை ஞாயிற்றுக்கிழமைதான் கூடும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவருக்குத் தவறாமல் டியூட்டி. அவள் பல்லுக்காரரோடு போய்வந்தாள்.

பல்லுக்காரர் டாக்டர் இல்லை. பல் செட் செய்கிறவர். இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, யார் யாருடைய வாய்க்கோ அளவெடுத்த பற்களைத் தேய்த்துக்கொண்டிருப்பார். வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று அவருக்குத் தெரியும் என்பாள் அவள். "வாய்க்குள்ள வைக்கிற பீங்கான் பத்தாதுன்னா தட்டு பீங்கானுக்கு வந்தான்?" என்று அவர் ஒருமுறை கேட்டார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தன்னுடைய ஜோக்குக்கா, பல்லுக்காரரை நினைத்தா என்று அவர் அந்த வாரம் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"மச்சான், வண்டி ஆஸ்பத்திரில இருந்து கிளம்பிடுச்சு" என்றான் மனைவியின் தம்பி, வாசலிலிருந்து எட்டிப் பார்த்து. "நாற்காலியெல்லாம் ஒதுக்கிடவா?"

"ஒதுக்கு."

"பல்லு மாமா வந்திருக்காருப்பா" என்றாள் மகள், தட்டில் கோப்பைகளை அடுக்கியபடி.

"மாமாவா? எந்த வகையில மாமா?"

"சின்ன வயசுல இருந்து அப்படித்தானே கூப்பிடறேன்."

"நான் கேட்டதே இல்ல."

"நீங்க ஞாயித்துக்கிழமை வீட்டுல இருந்தாத்தானே கேட்டிருப்பீங்க" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னாள். அதுதான் அவருக்கு உள்ளே போய்த் தைத்தது.

பல்லுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நிலைப்படி ஓரமாக நின்றார். ஒல்லியான மனிதர். சட்டைக் கையில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். அழுதிருந்தார் என்பது கண்களில் தெரிந்தது. இவன் எதற்கு அழுகிறான் என்று அவர் நினைத்தார். தனக்கு இன்னும் அழுகை வரவில்லை என்பதும் அதே சமயத்தில் நினைவுக்கு வந்தது. தன் வீட்டுச் சாமானை யாரோ கேட்காமல் எடுத்துப் போய்விட்ட மாதிரி இருந்தது.

மகள் பல்லுக்காரரிடம் தேநீரைக் கொடுத்தாள். வெள்ளைக் கோப்பை, அடியில் வெள்ளைச் சாஸர். பல்லுக்காரர் குடித்தார். குடித்து முடித்துக் கோப்பையை ஜன்னல் திட்டில் வைத்தார். பிறகு, என்ன செய்கிறோம் என்ற நினைவே இல்லாமல், சாஸரை மூன்று விரல் நுனியில் தூக்கிப் பிடித்து, ஓரத்தில் நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார். மணி போல மெல்லிய ஓசை. கண்ணைப் பாதி மூடி, இடது காதைச் சாய்த்து, அது அடங்கும்வரை கேட்டார்.

கூடத்தில் யாரும் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார்.

அவளும் அப்படித்தான் செய்வாள். விரிசல் இருந்தால் ஓசை செத்துப் போகும், நல்ல தட்டு பாடும் என்பாள். அதே மூன்று விரல். அதே இடது காது. பாதி மூடிய அதே கண். இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் தூங்கியும் அவளுடைய ஒரு சைகைகூட அவருக்கு ஒட்டவில்லை. அவர் இன்னும் தன் அப்பா மாதிரிதான் கொட்டாவி விடுகிறார். இந்த மனிதனின் கையில் அவள் அப்படியே இருந்தாள்.

யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தது?

வண்டி வந்தது. அவளை இறக்கினார்கள். அவள் முகம் எதையோ எட்ட நின்று பார்த்து, சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்த முகமாக இருந்தது. மகள் கதறினாள். தம்பி சுவரில் முட்டிக்கொண்டான். அவர் தலைமாட்டில் நின்றுகொண்டு, கூட்டத்துக்குப் பின்னால் பல்லுக்காரரின் தலை எங்கே தெரிகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். மயானத்துக்குப் போகிற வழியெல்லாம் வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து, பழக்கத்தில் வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்தபடி, அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போனார். யார் யாருக்கு?

திரும்பி வந்து குளித்தபோது வெயில் இறங்கிவிட்டிருந்தது. மகள் உள்ளறையில் அம்மாவின் போர்வையைச் சுற்றிக்கொண்டு தூங்கிப்போயிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. அவர் கூடத்தில் நின்று அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார்.

இரண்டு பக்கமும் இலை வடிவில் பிடி, நுனி மேல்நோக்கித் திரும்பியபடி. சுற்றிலும் மெல்லிய வரிகள். வாய் திறந்தே இருக்கும். உள்விளிம்பில் ஒரு சின்னப் படி, மூடி உட்காருவதற்கென்றே செய்தது. அவள் அதைத் தினமும் துடைப்பாள், எதையும் போடமாட்டாள். "மூடி இல்லாததுக்கா இவ்வளவு மரியாதை?" என்று அவர் கேட்டிருக்கிறார். "அதுக்கெல்லாம் மூடி தேடிக்கிட்டு இருக்காதீங்க" என்றாள் அவள். தன்னை அலையவைக்கக் கூடாது என்று சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். அதனாலேயே தேடினார்.

அவள் குளிக்கப் போன நேரத்தில் கிண்ணத்தின் வாயை ஒரு நூலால் சுற்றி அளந்து, நூலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வண்டி நிற்கும் ஊர்களிலெல்லாம், தேநீர் குடிக்கக் கிடைக்கும் இடைவெளியில், பாத்திரக் கடைகளுக்குள் நுழைந்து நூலை எடுப்பார். கண்டக்டர் கேலி செய்வான். "என்னண்ணே, யாருக்கு இடுப்பளவு?" மழைக்காலம் போய் வெயில்காலம் வந்த பிறகு, ஏதோ ஒரு கடையில் நூல் சரியாகச் சுற்றியது. வெள்ளை மூடி. புதுசு. கண்ணாடி மாதிரி மின்னியது. கல்யாண நாளன்று கொண்டுவந்து கொடுத்தார்.

சுற்றளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் கிண்ணம் வட்டம் இல்லை. லேசான முட்டை வடிவம். நூலுக்கு அது தெரியவில்லை. மூடி உட்கார்ந்தது, ஆனால் ஆடியது. ஒரு பக்கம் தொட்டால் மறுபக்கம் டக் என்றது.

"நல்லா இருக்கு" என்றாள் அவள். மறுநாள் அது மாவு டப்பாமேல் இருந்தது. அன்றிலிருந்து அங்கேதான்.

அவர் சமையலறைக்குப் போனார். மாவு டப்பாவின் மேலிருந்து மூடியை எடுத்தார். உள்பக்கம் ஒட்டியிருந்த மாவை வேட்டி முனையால் துடைத்தார். கூடத்துக்கு வந்து, கிண்ணத்தை இறக்கி மேஜைமேல் வைத்து, அதன்மேல் மூடியை வைத்தார். டக். அது நிலைகொள்ளும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"சார்... உள்ள வரலாமா?"

பல்லுக்காரர். குளித்துவிட்டு வேறு சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு துண்டு மூட்டை, குழந்தையைப் பிடிப்பதுபோல் அணைத்துப் பிடித்திருந்தார்.

"வாங்க. உக்காருங்க."

பல்லுக்காரர் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். அதன்மேல் இருந்ததையும் பார்த்தார்.

"இது..."

"நான் வாங்கினது."

"நல்லா இருக்கு" என்றார் பல்லுக்காரர்.

அதே இரண்டு சொல். அதே இறக்கம். அவருக்கு ஒரு கணம் எழுந்து அந்த மனிதனின் சட்டையைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. பதிலாக, பகலெல்லாம் கேட்க நினைத்ததைக் கேட்டார்.

"இந்தத் தட்டைச் சுண்டிக் கேக்கிறது இருக்கே. அது நீங்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததா, அவ உங்களுக்கா?"

பல்லுக்காரர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"தெரியல சார். ஞாபகமில்ல."

இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பார் என்று அவருக்குத் தோன்றியது.

"நான் வந்தது வேற விஷயம்" என்று பல்லுக்காரர் மூட்டையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். "இது அவங்களுக்குச் சேர வேண்டியது. நாங்க ரெண்டு பேரும் சந்தையில ஒரே நேரத்துல கையை வெச்சோம் சார். அவங்க கிண்ணத்துல, நான் மூடியில. நான் விடல, அவங்களும் விடல. கடைக்காரன் கடையைக் கட்டிட்டான், நாங்க இன்னும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம். சரி, பாதிப் பாதி, யாரு முதல்ல விட்டுக்கொடுக்கிறாங்கன்னு பார்ப்போம்னு சொன்னாங்க. அன்னையிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நான் கேப்பேன், கிண்ணம் சுகமான்னு. அவங்க கேப்பாங்க, மூடி சுகமான்னு. வேற ஒண்ணுமில்ல சார்."

வேற ஒண்ணுமில்ல. அவர் அதை மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அவளும் தானும் எதையாவது அப்படிப் பாதிப் பாதியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாரமும் நலம் விசாரித்தது உண்டா என்று தேடிப் பார்த்தார். மின்சாரக் கட்டணம். மகளின் காய்ச்சல்.

"என்கிட்ட சொன்னதே இல்ல" என்றார்.

"சொன்னா நீங்க என் வீட்டுக்கு வந்து வாங்கிட்டுப் போயிடுவீங்கன்னு சொல்லுவாங்க. அப்புறம் விளையாட்டே இல்லாமப் போயிடும்னு." பல்லுக்காரர் சிரிக்க முயன்றார். "நீங்க அவங்களுக்காக எதையும் செஞ்சிடுவீங்களாம்."

அது புகழ்ச்சி என்று அவருக்குப் புரிந்தது. அதையும் அவள் இவனிடம்தான் சொல்லியிருக்கிறாள்.

துண்டு விரிந்தது. பழைய வெள்ளை, பால் ஆறிய பிறகு வருகிற வெள்ளை. லேசான முட்டை வடிவம். கிண்ணத்தின் பிடியிலிருந்த அதே இலை, மூடியின் உச்சியில் சுருண்டு நின்றது. அலமாரியில் இத்தனை வருஷமாக கிண்ணத்தின் இலை எதற்காகத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது என்று இப்போது தெரிந்தது.

உள்ளறையில் மகள் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. தெருவில் ஒரு பேருந்து கியர் மாற்றிப் போனது. கிளட்சைச் சரியாக மிதிக்கவில்லை என்று அவர் காது சொன்னது.

பல்லுக்காரர் மூடியை இரண்டு கையாலும் தூக்கி, மேஜைக்கு மேல் பாதியில் நிறுத்தினார்.

"விட்டுக்கொடுத்தேன்னு சொல்லணும்னுதான் வந்தேன். இனி இது உங்க வீட்டுதுதான், நீங்க என்ன செஞ்சாலும் சரி. ஆனா ரெண்டையும் சேர்த்து நான் பார்த்தது அந்தச் சந்தையில ஒரு தடவைதான். அதை இன்னொரு தடவை..." மேஜைமேல் இருந்ததைப் பார்த்தார். "உங்க மூடியைக் கொஞ்சம் எடுக்கிறீங்களா, சார்?"

அவருடைய கை ஏற்கனவே தன் மூடிமேல் இருந்தது. நகக்கண்ணில் மாவு. உள்ளங்கைக்குக் கீழே அது ஒரு பக்கம் சாய்ந்து, டக் என்று மறுபக்கம் சாய்ந்தது.