தோல் எனக்கு, சுளை அவளுக்கு

அக்கா ஆரஞ்சுப் பழம் உரித்தால் பங்கு இப்படித்தான்: சுளை அவளுக்கு, தோல் எனக்கு. "தோல்லதான்டா சத்தே இருக்கு. தின்னா மூளை வளரும்" என்பாள். ஏழு வயதில் அது எனக்கு வேதவாக்கு. முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு மென்று விழுங்குவேன். முழுசாக நான்கு வருடம் ஏமாற்றினாள், ராட்சசி.

அந்த ராசியோ என்னவோ, பிழைப்பும் தோலிலேயே அமைந்தது. ஆய்வுக்கூடத்தில் வேலை. பழரசக் கம்பெனி கழித்துக்கட்டும் தோலைக் காயவைத்து, பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டுவேன். அதிலிருக்கும் சில பொருட்கள் மூளையைப் பாதுகாக்கக்கூடுமாம். எலிகளிடம் கொஞ்சம் நம்பிக்கை தெரிகிறது. மனிதர்கள் விஷயத்தில் எங்கள் அறிக்கையின் ஒவ்வொரு வரியும் 'கூடும்' என்றுதான் முடியும். முதல் அறிக்கை வந்த அன்றே அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல!"

இப்போது அவளுக்கு மறதி நோய். அத்தானை மட்டும்தான் அடையாளம் தெரிகிறது. ஆறு மாதமாக ஞாயிறுதோறும் போகிறேன். ஆறு மாதமாக நான் 'சார்'. ஒரே ஒரு தடவை 'டா' போட்டுக் கூப்பிட மாட்டாளா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

போன ஞாயிறு நான்கு ஆரஞ்சு வாங்கிப் போனேன். அக்கா ஒன்றை எடுத்து உரித்தாள். விரல்களுக்கு மறதி இல்லை. தோல் அறுபடாமல் ஒரே சுருளாக வந்தது. சுளைகளைத் தட்டில் வைத்து என் பக்கம் நகர்த்தினாள்.

"எடுத்துக்குங்க சார்."

ஐம்பது வருடத்தில் முதல் முறையாக சுளை முழுக்க எனக்கு. வந்த விருந்தாளிக்குத்தானே சுளையைக் கொடுப்பாள்.

"அப்ப தோல் யாருக்கு?" என்றேன்.

"என் தம்பிக்கு." குரலைத் தாழ்த்தினாள். "அதுலதான் சத்துன்னு சொல்லி வச்சிருக்கேன். நம்பித் திங்குது, அசடு. சொல்லிடாதீங்க சார்."

தோலைக் கிள்ளி வாயில் போட்டு மென்றேன். முகம் தன்னால் கோணியது. அக்கா என்னையே உற்றுப் பார்த்தாள்.

"மூஞ்சியக் கோணாதடா. முழுங்கு."

அத்தான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் விழுங்கினேன். அழுகையும் சேர்ந்து உள்ளே போனது.

அடுத்த நிமிடமே, "சார், தண்ணி வேணுமா?" என்றாள். பரவாயில்லை. பையில் இன்னும் மூன்று பழம் இருந்தது.