நாத்தனாருக்கு மட்டும் ஒரு காணிக்கை

என் வீட்டுக்காரருக்கு மேடை ஆசை கிடையாது. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவருக்கு வாயைவிடக் கைதான் அதிகம் பேசும். அப்படிப்பட்டவர் சபையின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார் என்றால், அதற்குக் காரணம் அவருடைய தங்கை. அதாவது என் நாத்தனார்.

அவள் நர்ஸ். பல வருடமாக மிஷனரியாக, பஸ் போகாத ஓர் ஊரில் பிரசவம் பார்க்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விடுமுறைக்கு வந்தால் எங்கள் பின்னறையில்தான் தங்குவாள். என் தையல் மெஷின், வெட்டுகிற மேசை, கொக்கியில் தொங்கும் அடுத்தவர் துணிமணி எல்லாம் இருப்பதும் அதே அறையில்தான். அவள் பெட்டி உள்ளே வந்தால் என் தொழில் ஹாலுக்கு வந்துவிடும். விருந்தாளி என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போகலாம்; நிரந்தரமாக வந்துவிட்டால்? அவள் ஊழியத்தில் நிலைத்திருக்க வேண்டும் என்று நான் தினமும் ஜெபித்ததில் கொஞ்சம் சுயநலமும் உண்டு. கர்த்தருக்குத் தெரியாததா, அவரிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

எங்களுடையது பாப்டிஸ்ட் சபை. மேலேயிருந்து உத்தரவு போட எங்களுக்குப் பிஷப் கிடையாது. முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து உறுப்பினரான ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு. போதகருக்கும் ஒன்றுதான், போன மாதம் தொட்டியில் இறங்கி ஏறிய கல்லூரிப் பெண்ணுக்கும் ஒன்றுதான். டியூப்லைட் மாற்றக்கூட நாங்கள் கை தூக்குவோம், அதற்கும் ஒருவர் குறுக்கே பேசுவார். ஆனால் மிஷனரிகளைத் தாங்க ஒரு சபையால் ஆகாது என்று, பல சபைகள் சேர்ந்து ஒரு பொதுநிதி வைத்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காணிக்கையில் ஒரு பங்கு அங்கே போகும். அங்கிருந்து எல்லா மிஷனரிக்கும் மாதாமாதம் ஒரே அளவு படிப்பணம். பெரிய சபைப் பிள்ளை, சின்ன சபைப் பிள்ளை என்ற பேச்சே இல்லை. யாரும் சபை சபையாகப் போய்க் கை நீட்ட வேண்டியதும் இல்லை.

இந்த வருடம் நிறைய சபைகள் பங்கைக் குறைத்துவிட்டன. நாத்தனார் இருக்கிற ஊரில் இரண்டு பேர்: இவள், பள்ளிக்கூடம் நடத்தும் ஒரு சின்ன வயசு டீச்சர். இனி அங்கே ஒருவருக்குத்தான் படி என்று நிதியைப் பார்க்கும் குழு சொல்லிவிட்டது. யார் இருப்பது, யார் கிளம்புவது என்பதை மூத்தவளான இவளே முடிவு செய்து சொல்ல வேண்டுமாம். நல்ல நியாயம்! கத்தியைக் கையில் கொடுத்துவிட்டு அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

அதனால்தான் என் வீட்டுக்காரர் எழுந்தார்.

“நம்ம பங்கை இனிமே பொதுநிதிக்கு அனுப்ப வேண்டாம். அப்படியே என் தங்கச்சிக்கு அனுப்பிடுவோம். நம்ம பொண்ணு, நம்ம காணிக்கை. இதுதான் என் தீர்மானம்” என்று சொல்லிவிட்டுச் சட்டென்று உட்கார்ந்தார். வியர்த்துக் கொட்டியது அவருக்கு.

முன்வரிசையில் இருந்த பாங்க் மேனேஜர் ஒருவர் உடனே வழிமொழிந்தார். நாலா பக்கமும் ஆமென். அவள் எங்கள் ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவள், பாதிப் பேர் அவளைத் தூக்கிச் சுமந்தவர்கள். அப்பாடா, பின்னறை பிழைத்தது என்று நான் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

விடுமுறைக்கு வந்திருந்த நாத்தனாரும் கூட்டத்தில்தான் இருந்தாள்; போதகர் அவள் பக்கம் திரும்பினார். “நீயும் மெம்பர்தானேம்மா. ஏதாவது சொல்றியா?”

அவள் எழுந்தாள். “அண்ணன் பாசத்துல சொல்லுது. ஆனா வேண்டாம். நிதிக்கு அதிகமா குடுக்கறது நம்ம சபைதான். நாம விலகினா, அங்க மிஞ்சியிருக்கிற அந்த ஒரு படியும் நிக்கும். இன்னும் எத்தனையோ ஊர்ல நிக்கும். உங்களுக்கு அவங்க முகம் தெரியாது. எனக்குத் தெரியும்.”

“உனக்கு வர்றதுல அந்த டீச்சருக்கும் கொஞ்சம் குடேம்மா, யாரு வேண்டாங்கறா?” என்றார் மேனேஜர்.

“குடுக்கலாம் சார். இப்ப ரெண்டு பேரும் ஒண்ணா சமைச்சு சாப்பிடறோம், நல்லா சண்டையும் போடறோம். நாளைக்கு நான் குடுக்கறவ, அவ வாங்கறவ. அப்புறம் அவ என்கூட சண்டை போடுவாளா?”

போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆதரவாக இருக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார்.

என் வீட்டுக்காரர் தூக்கினார். வேறு ஒரு கை இல்லை. வழிமொழிந்த மகராசன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பேருக்கு நடுவே ஒற்றையாக நின்ற அந்தக் கரிபிடித்த கையைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. நானும் தூக்கினேன். தங்கைக்காகவா, புருஷனுக்காகவா, பின்னறைக்காகவா என்று என்னைக் கேட்காதீர்கள். தீர்மானம் தோற்றது.

“அப்ப நீ என்ன பண்ணப்போற?” என்றார் இவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

“நான் வந்துடறேன் அண்ணா. அந்த டீச்சர் அப்பா அம்மா இல்லாம ஹாஸ்டல்ல வளர்ந்தவ, போறதுக்கு ஒரு வாசல் கிடையாது. எனக்கு அண்ணி வீடு இருக்கு.”

மொத்த சபையும் என்னைத் திரும்பிப் பார்த்தது. சுள்ளென்று வந்தது எனக்குக் கோபம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா?

“இதுக்கும் கை தூக்கணுமா பாஸ்டர்?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளைப் பிடித்துக்கொண்டேன். “என் வீட்டைப் பத்தி என்கிட்ட கேக்காம, அத்தனை பேர் முன்னாடி வெச்சா சொல்லுவ? முந்தாநாளே வந்தியே, அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா?”

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“கேட்டிருந்தா நீங்க யோசிச்சிருப்பீங்க அண்ணி.”

“யோசிச்சா என்ன தப்பு?”

“நீங்க கொஞ்சம் தயங்கினாப் போதும், அதையே சாக்கா வெச்சுக்கிட்டுத் திரும்பிப் போய் அந்தப் பொண்ணை வெளிய அனுப்பியிருப்பேன். வர்ற வழியிலேயே அவகிட்ட என்ன சொல்றதுன்னு ஒத்திகை பார்த்துட்டேன். எனக்கு அங்கேயே இருக்கணும் அண்ணி. சாகற வரைக்கும் அங்கேயே இருக்கணும். அதான் வாபஸ் வாங்க முடியாதபடி எல்லார் முன்னாடியும் சொன்னேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் அழுதாள். சபையில் அத்தனை தெளிவாகப் பேசியவள், மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். ஆறுதல் சொல்லத் தெரியாத ஜென்மம் நான். அவள் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்க ஆரம்பித்தேன்.