புகைப் பழக்கம்

“தலையை ஆட்டாதீங்க. காது அறுந்துடும்.”

“அந்தக் காதுதானே? அறுந்தா அறுந்துட்டுப் போகுது. கேக்கவா செய்யுது?”

அவள் ரேசரை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கணவர் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, மார்பு ஒரு நிலைக்கு வர நேரம் பிடித்தது. மூக்கில் செருகியிருந்த ஆக்சிஜன் குழாயை ஒரு விரலால் ஒதுக்கி, மீசைக்கு மேலே முளைத்திருந்த நரையை வழித்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் சீராக முனகிக்கொண்டிருந்தது.

“இப்போ நான்தான் டாக்டர். கேக்கறேன், சொல்லுங்க. புகை பிடிப்பீங்களா?”

“ஒரு விதத்துல பாத்தா...”

“விதமெல்லாம் வேண்டாம். ‘இல்ல’. ஒரே வார்த்தை. அதுக்கு மேல வாயைத் திறக்கக் கூடாது.”

“மேலிடத்து உத்தரவு,” என்றார் அவர். கல்யாணமான புதிதிலிருந்தே அவளுக்கு அந்தப் பெயர்தான். வீட்டில் மேலிடம் அவள்.

அவர் போக்குவரத்துக் காவலராக இருந்தவர். நான்கு பக்கமும் பேருந்தும் லாரியும் முட்டிக்கொண்டு நிற்கும் பெரிய சந்திப்பின் நடுவில், மழையோ வெயிலோ, வாயில் விசிலோடு நின்றே வேலைக்காலத்தைக் கழித்தவர். ஓய்வு பெறுவதற்கு முன்பே நுரையீரல் கெட்டுவிட்டது. வேலையால் வந்த நோய் என்றால் இழப்பீடு உண்டு, வைத்தியச் செலவையும் அரசே ஏற்கும் என்றார்கள். விண்ணப்பம் கொடுத்தார்கள். முதல் பரிசோதனைக்கு அவர் தனியாகப் போய்விட்டு வந்தார். கெட்டது அங்கேதான்.

“புகைப் பழக்கம் உண்டா?” என்று கேட்டாராம் அந்த டாக்டர்.

“அதுலயேதான் சார் என் பொழைப்பு.”

“ஒரு நாளைக்கு எவ்வளவு?”

“எட்டு மணி நேரம். இடைவிடாம.”

“விடணும்னு தோணலையா?”

“நானா விட முடியும்? மேல இருக்கறவர் மனசு வைக்கணும்.”

மேலே இருக்கிறவர் என்று அவர் சொன்னது, கேட்டுக் கேட்டும் இடமாற்றம் தராத அதிகாரியை. டாக்டர் அதைக் கடவுள் என்று எடுத்துக்கொண்டு, பரிதாபப்பட்டு எழுதிவிட்டார்: தீவிரப் புகைப் பழக்கம் உள்ளவர், நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை. வீட்டுக்கு வந்தவர் அவளிடம், “நல்ல மனுஷன். பொறுமையாக் கேட்டாரு,” என்று வேறு சொன்னார். விண்ணப்பம் தள்ளுபடியாகி வந்தபோதுதான் விஷயமே தெரிந்தது. ஒரு சிகரெட்டைக்கூட உதட்டில் வைத்தறியாத மனிதர்.

மேல்முறையீடு செய்தார்கள். அதற்கான டாக்டர் இன்று வீட்டுக்கே வருகிறார், கணவரால் படி இறங்க முடியாது என்பதால். மருத்துவமனைச் செலவில் வீடு கழுத்துவரை மூழ்கியிருந்தது உண்மைதான். ஆனால் அவளுக்குத் தொண்டையில் மாட்டிய முள் வேறு. தானாகக் கெடுத்துக்கொண்டவர் என்ற பெயரோடு இவர் போய்விடக் கூடாது.

அழைப்பு மணி அடித்தது. அவள் துண்டால் அவர் முகத்தை அவசரமாக ஒற்றிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

டாக்டர் நடுவயதுப் பெண். உள்ளே இரண்டடி வைத்தவர் நின்று, மூக்கைச் சுருக்கினார்.

“இங்க யாரு சிகரெட் பிடிக்கிறது?”

வாடை அவளுக்கும் வந்தது. குளியலறைக் கதவு திறந்தது. அவளுடைய தம்பி, ஒத்தாசைக்கென்று வந்து தங்கியிருந்தவன், ஐம்பது வயது ஆள், வகுப்பில் பிடிபட்ட பையன் மாதிரி வெளியே வந்தான்.

“நான்தான் டாக்டர். அவர் இல்ல. அவருக்கு இந்த வாடையே ஆகாது. நேத்துக்கூட என்னை மாடிப்படிக்கு விரட்டினாரு.”

“அப்புறம் இன்னிக்கு எதுக்குக் குளியலறை?” அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

“நீதானேக்கா சொன்னே, டாக்டர் வர்ற நேரத்துல படியில நின்னு தொலைக்காதேன்னு.”

கட்டிலிலிருந்து கரகரப்பாக ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. டாக்டர் அந்தத் திசையில் போனார். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். நகங்களைப் பார்த்தார். பிறகு நாற்காலியை அவருடைய நல்ல காதுப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“உங்களுக்குப் புகை பிடிக்கிற...”

“இல்ல,” என்றார், கேள்வி முடிவதற்குள். சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே தட்டிக்கொடுத்தாள்.

“வேற எந்தப் பழக்கமும் இல்லையா?”

“ஒண்ணு இருக்கு டாக்டர்.”

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“இவளைக் கேக்காம எதுவும் பேசறதில்ல.”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மடியிலிருந்த தாளைத் திருப்பினார். “பழைய அறிக்கையில ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்னு போட்டிருக்கு. நானும் எத்தனையோ பேரைக் கேட்டிருக்கேன். இத்தனை சிகரெட், இத்தனை பாக்கெட்னுதான் சொல்வாங்க. மணிக்கணக்குல ஒருத்தரும் சொன்னதில்ல. இது என்ன கணக்குன்னு பாக்கத்தான் நானே நேர்ல வந்தேன்.”

“அது டியூட்டி நேரம் டாக்டர்.” ஒரே வார்த்தை என்பது அவருக்கு அதோடு மறந்துவிட்டது. மூச்சை வாங்கி வாங்கிச் சொன்னார். “நடுரோட்டுல நிப்பேன். வர்றவன் போறவனை எல்லாம் நான் பிடிச்சேன். புகையை மட்டும் நான் பிடிக்கல. அதுதான் என்னைப் பிடிச்சுது.”

“கைக்குட்டையைத் துவைச்சவ நான் டாக்டர்,” என்றாள் அவள். “காலையில வெள்ளையாக் குடுத்து அனுப்புவேன். சாயந்திரம் அடுப்பு துடைச்ச துணி மாதிரி வரும். மூக்கைச் சிந்தினாக்கூட மைதான். இவரு போலீஸ் வேலைக்குப் போறாரா, கரி அள்ளப் போறாரான்னு எங்கம்மாவே கேட்டாங்க.”

“எனக்கு அது ஓசியில கிடைக்குது, நீ எதுக்குடா காசு குடுத்து வாங்கறேன்னு என்னைக் கேப்பாரு,” என்றான் தம்பி வாசற்படியில் நின்றபடி.

டாக்டர் எழுதினார். எழுதி முடித்ததும் குனிந்து, அவருடைய நல்ல காதருகே படித்தார்.

“புகைப் பழக்கம் இல்லை. பணியிடத்தில் வாகனப் புகையைச் சுவாசித்ததால் வந்த நோய்.” நிமிர்ந்தார். “மேல்முறையீட்டுல என் முடிவுதான் கடைசி. இன்னிக்கே அனுப்பிடறேன்.”

கணவர் கையைத் தூக்கினார். கும்பிடப் போகிறார் என்று அவள் நினைத்தாள். உள்ளங்கையை விரித்து, பக்கவாட்டில் மெல்ல வீசி, டாக்டருக்கு வழிவிட்டார். போகலாம் என்று வண்டிக்குச் சொல்வது போல.

டாக்டர் போன பிறகு அறையில் வெயில் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது.

“இன்னொரு தடவை சொல்லு,” என்றார்.

“எதை?”

“அவங்க எழுதினதை.”

சொன்னாள்.

“சத்தமாச் சொல்லு.”

“பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டுமே.”

சத்தமாகச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உதட்டோரம் சற்று விரிந்தது.

“நான் ஒரே வார்த்தையில சொன்னேனா, மேலிடம்?”

“சொன்னீங்க. அதுக்குப் பின்னாடியே ஒரு லாரி நிறையக் கொட்டினீங்க.”

“டீ போடேன். சர்க்கரை தாராளமா.”

வேறு நாளாக இருந்தால் சர்க்கரைக்கு ஒரு சண்டை நடந்திருக்கும். இன்று அவள் நேராக அடுக்களைக்குப் போனாள். பால் பொங்கும்வரை தன்னையறியாமல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கவனித்தபோது, அது டாக்டர் எழுதிய வாக்கியம்.

டம்ளரோடு வந்தபோது அவர் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது.

“என்னங்க.”

செவிட்டுக் காதுப் பக்கம் நிற்கிறோமோ என்று சுற்றிக்கொண்டு வந்தாள். குனிந்து மறுபடியும் கூப்பிட்டாள். டீயைக் கீழே வைத்தாள். அவர் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. காதுக்குக் கீழே சோப்பு நுரை கொஞ்சம் காய்ந்திருந்தது. அவசரத்தில் விட்டுப்போனது. புடவைத் தலைப்பை நனைத்து அதைத் துடைத்தாள்.

தம்பி வந்து பார்த்தான். பிறகு மெஷினின் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினான்.

“இருக்கட்டும்,” என்றாள். “கொஞ்ச நேரம் ஓடட்டும்.”

சாயந்திரம் டாக்டருக்குத் தகவல் சொல்லப் போன் செய்தவன், திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“மத்தியானமே அனுப்பிட்டாங்களாம்க்கா. நான் கேட்டேன், இப்படி ஆயிட்டதே, இனிமே செல்லுமான்னு.”

“என்ன சொன்னாங்க?”

“உயிரோட இருக்கும்போது பாத்து எழுதினது, யாரும் மாத்த முடியாதுன்னாங்க. அவர் கை காட்டினதைச் சொல்லி அழுதுட்டாங்க.”

அவள் தலையை அசைத்தாள். வந்திருந்தவர்களுக்கு டீ போதுமா என்று பார்க்கச் சொல்லி அவனை அனுப்பினாள்.

மறுநாள் காலை உடலை ஏற்றிய வண்டி அந்தச் சந்திப்பைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அவள் அவருடைய தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். தம்பி முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில். சந்திப்பை நெருங்கும்போது சிவப்பு விழுந்தது.

“இந்த வண்டிக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. போயிடலாமா?” என்றார் டிரைவர்.

“நில்லுங்க,” என்றான் தம்பி. “சொந்த மச்சான்னும் பாக்காம என்னையே ஓரங்கட்டின இடம் இது.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொள்ளவில்லை.

நடுவில் ஓர் இளம் காவலர், முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிய, குறுக்கே போகும் வண்டிகளுக்குக் கை வீசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பேருந்து வந்து உரசுவது போல நின்று உறுமியது. அதன் அடியிலிருந்து கறுப்பாகப் புகை சுருண்டு எழுந்தது.

அவள் எழுந்து, கணவர் முகத்துக்கு நேராக இருந்த ஜன்னல் கண்ணாடியை இடுக்கில்லாமல் இழுத்து மூடினாள்.