இரண்டு தெருவுக்கு முன்பே

ஒரு மனிதன் வீடு வந்து சேர்வதற்கு இரண்டு தெரு முன்பே, அவன் வருகிறான் என்று வீட்டுக்குத் தெரிந்துவிட வேண்டும். தெரியாவிட்டால் அவன் வரவில்லை. அவன் உடம்பு மட்டும் வந்திருக்கிறது. பிரிட்டோரியாவை ஒட்டிய எங்கள் மமெலோடியில் இந்த உண்மையைக் கண்டுபிடித்தவன் என் நண்பன் ரபுலா. நெருப்பு, சக்கரம், அதற்கடுத்தது இதுதான் என்று அவனே வரிசைப்படுத்தியும் வைத்திருந்தான். சொல்லும்போது சிரிக்க மாட்டான். கேட்பவர்களும் சிரிக்கக் கூடாது.

கண்டுபிடித்தவனுக்கே அது வாய்க்கவில்லை என்பதுதான் சங்கடம். அவனிடம் இருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கறுப்பு கோல்ஃப் ஜிடிஐ கார். டர்போ வண்டிதான். ஆனால் கம்பெனி போட்டுக்கொடுத்த சைலன்சரோடு தெருவில் போகும்போது, லீவு கேட்கப் போகிற குமாஸ்தா தொண்டையைச் செருமுவது மாதிரி இருக்கும். எஞ்சின் விடுகிற புகை டர்போவின் விசிறியைச் சுற்றும்போதே பாதிச் சத்தம் செத்துவிடுகிறது, மீதிப் பாதியைக் கம்பெனிக்காரன் டப்பா வைத்துக் கொல்கிறான் என்று ரபுலா விளக்குவான். அதைச் சொல்லும்போது, வாரிசுச் சொத்தில் ஏமாற்றப்பட்டவன் முகம் அவனுக்கு வந்துவிடும்.

எங்கள் தெரு முட்டுச்சந்து. பள்ளிக்கூட முனையில் திரும்பினால் உள்ளே வரலாம், வேறு வழி கிடையாது. கடைசி வீடு ரபுலாவுடையது. அதற்கு எதிர்வீடு ஃப்ரான்ஸ் மாமாவுடையது. மாமாவின் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு வேலை முடித்து வந்து காலையில்தான் தூங்குவார். அதனால் மாமா தன் பழைய கொரோலாவை ஸ்டார்ட் செய்யாமல், ஜன்னல் வழியாக ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டு போய், பள்ளிக்கூட முனை தாண்டித்தான் சாவியைத் திருப்புவார்.

ரபுலா பல் தேய்த்துக்கொண்டே கேட்டில் நின்று இதைப் பார்ப்பான். ஆட்டை மேய்ச்சலுக்குக் கூட்டிப் போகிறீர்களா மாமா என்பான். அதன் கழுத்தில் ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள், ஓடிவிடப் போகிறது என்பான். மாமா பதில் சொல்ல மாட்டார். அந்த நேரத்தில் அவரிடம் உபரி மூச்சு இருக்காது.

"காலு ரெண்டும் நல்லா இருக்கும்போதே நாலு பேர் தூக்கிட்டுப் போற மாதிரி இல்ல?" என்று என்னிடம் திரும்பிக் கேட்பான். "எஞ்சின் இருக்குற வண்டியைத் தள்ளுறதுக்கு, அதை வித்துட்டு நடந்தே போகலாம்டா."

இரண்டு தெருவுக்கு முன்பே வந்து சேர்கிறவன் எங்கள் தெருவில் ஒருவன்தான் இருந்தான். லெசிபா. முனையிலிருந்து மூன்றாவது வீடு. ரபுலா வண்டியின் அதே மாடல், வெள்ளை. கியர் மாறும்போது 'வ்ர்ர்ர்... ப்பா!' என்று வரும். இந்த நாட்டில் நடக்கப் பழகாத குழந்தைகூட அந்தச் சத்தத்தை வாயால் போட்டுக் காட்டும். ஆனால் லெசிபாவின் 'ப்பா'வுக்குப் பின்னால் விக்கல் மாதிரி இன்னொரு சின்ன 'ப்' உண்டு. பள்ளிக்கூடத்து வேகத்தடையில் ஒருமுறை குழாய் இடித்து நசுங்கியதால் வந்தது. அவன் அதைச் சரிசெய்யவில்லை. தழும்பு அழகாக இருக்கிறது என்றான்.

முனையில் அந்தச் சத்தம் கேட்டதும் அவன் அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு, இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டைத் திறப்பார். அவர் திறந்து முடிப்பதும் வண்டி திரும்புவதும் ஒரே சமயத்தில் நடக்கும். அந்த வாசலில் லெசிபாவின் பிரேக் விளக்கு எரிந்து நான் பார்த்ததே இல்லை. உள்ளே மேசையில் எனாமல் தட்டில் களியும் கீரையும் ஆவி பறக்க இருக்கும். ரபுலாவுக்கு வயிறு எரியும். "நான் ஹாரன் அடிச்சாலும் எங்கம்மா உள்ளேருந்து 'யாரு'ன்னு கேக்குதுடா," என்பான்.

ஈஸ்டர் சமயத்தில், போலோக்வானே போகும் நெடுஞ்சாலையில், விளக்கில்லாமல் நின்றிருந்த லாரியில் லெசிபா மோதினான். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. லாரி பெரிது.

சனிக்கிழமை காலை அடக்கம். பெட்டி குழிக்குள் இறங்கும்போது நண்பர்கள் எல்லோரும் வண்டியை நிறுத்திய இடத்திலேயே உறுமவிட்டார்கள். பாதிரியார் பழக்கப்பட்டவர், ஜெபத்தை ஒரு சொல்லில் நிறுத்தி, புகை அடங்கும்வரை காத்திருந்து, அதே சொல்லிலிருந்து தொடர்ந்தார். ரபுலாவும் அழுத்தினான். அவன் வண்டி தொண்டையைச் செருமியது. யாரும் சிரிக்கவில்லை. கல்லறை என்பதால் ஒத்திவைத்தார்கள்.

திரும்பி வந்து, லெசிபா வீட்டு வாசலில் வைத்திருந்த தொட்டியில் கை கழுவும்போது ரபுலா, நல்ல சைலன்சர் ஒன்று போடாமல் இனி அந்தக் கல்லறைப் பக்கம் போகமாட்டேன் என்றான்.

அதற்குப்பின் பல வாரம் என் அறைதான் அவனுக்குக் கோயில். என் வைஃபையில் வீடியோ ஓடும். பார்க்க மாட்டான், கண்ணை மூடிக் கேட்பான். நான் பொருளாதாரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பேன். "இது இருமுது," "இது அழுவுது," "இது பொய் சொல்லுது" என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போவான்.

கடைசியில் பிரிட்டோரியா மேற்கில் இருக்கும் ஃபைசல் அண்ணன் பட்டறைக்குப் போனோம். அவர் பொறுமையாக மூன்று குழாய்களைக் கேட்க வைத்தார். முதலாவது ஊருக்குள் அருமையாக இருக்கும். நெடுஞ்சாலையில் நூற்றிருபதில் போனால் காதுக்குள் தேனீ வளர்க்கிற மாதிரி ஒரே ரீங்காரம். நடுவில் இன்னொரு டப்பா வைத்தால் ரீங்காரம் போகும், கூடவே 'ப்பா'வும் போகும். இரண்டாவது, டர்போவை ஒட்டியே மூன்று அங்குல அகலத்தில் தொடங்குவது. புகை தடையில்லாமல் போகும், வண்டி பறக்கும். ஆனால் எஞ்சின் கம்ப்யூட்டரையும் அதற்குத் தக்கபடி மாற்ற வேண்டும், பக்கத்துவீட்டுக்காரர்களையும் மாற்ற வேண்டும். மூன்றாவதில் உள்ளே ஒரு மூடி. பட்டனை அழுத்தினால் சாது, எடுத்தால் சத்தம்.

மூன்றாவதைக் கேட்டதும் ரபுலாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "பட்டன் போட்டா ஊமை, எடுத்தா பேச்சா? அப்படி ஒருத்தன் இருந்தா அவனை மனுஷன்னு சொல்வீங்களா?"

"அப்படி ஒரு பட்டன் மனுஷனுக்கு இருந்தா உங்க வீட்ல எப்பவோ வாங்கியிருப்பாங்க தம்பி," என்றார் ஃபைசல் அண்ணன். பிறகு, உனக்கு யார் வண்டி மாதிரி வேண்டும், அதைச் சொல் என்றார்.

ரபுலா சொன்னான்.

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். லெசிபாவின் குழாயை வெல்டு பண்ணியது அவர்தான். அதே மாதிரி இன்னொன்று பண்ணலாம், ஆனால் அந்த விக்கல் வராது என்றார். பிறகு, நொறுங்கிய வண்டி எந்தக் காயலான் கடையில் கிடக்கிறது என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முன்பக்கம் ஒன்றுமில்லை, பின்பக்கம் அப்படியே இருக்கிறது என்றார்.

காயலான் கடைக்குப் போய்ப் பார்த்தபோது அப்படியேதான் இருந்தது. ரபுலா மண்ணில் மல்லாந்து படுத்து உள்ளே போனான். அவன் ஷூ மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நெடுநேரம் அசையவில்லை. நசுங்கின இடத்தைத் தடவிக்கொண்டிருந்தான் என்று பிறகு சொன்னான். வெளியே வந்தபோது முகமெல்லாம் துரு. கண்ணுக்குக் கீழே துரு வழிந்திருந்தது.

"ஆளை மண்ணுல வச்சாச்சு. குரலையும் எதுக்குடா வைக்கணும்?" என்றான்.

நானும் குழாயை ஒரு பக்கம் தூக்கினேன்.

மறுநாள் ஃபைசல் அண்ணன் மாட்டிக்கொடுத்தார். காசு வாங்கிக்கொள்ளவில்லை. சாயங்காலம் இருவரும் திரும்பினோம். குளிர்காலம், கரி அடுப்புப் புகை தெருவுக்கு மேல் கூரை போட்டிருந்தது. பள்ளிக்கூட முனையில் திரும்பினோம். கியர் மாறியது.

வ்ர்ர்ர்... ப்பா! ப்.

ரபுலா சிரித்தான். ஈஸ்டருக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல். அப்போது மூன்றாவது வீட்டு கேட் திறந்தது.

கறுப்பு உடையில், இடுப்பில் அதே துணியோடு, லெசிபாவின் அம்மா கேட்டை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, வண்டி உள்ளே வர வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

ரபுலா பிரேக்கை மிதித்தான். பக்கத்துச் சுவர் சிவந்தது. அந்த வாசலில் ஒரு வண்டியின் பிரேக் விளக்கு எரிந்து நான் பார்த்தது அன்றுதான்.

அவர் எங்களைப் பார்த்தார். வண்டியின் நிறத்தைப் பார்த்தார். "ஓ, நீங்களா," என்றார், பால்காரரைப் பார்த்துச் சொல்வதுபோல. பிறகு கேட்டை மூடினார். அது மூடும்போது கிறீச்சிடும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். திறந்திருக்கும்போதே லெசிபா உள்ளே போய்விடுவான். மூடுகிற சத்தத்தை யார் கவனித்தார்கள்?

அடுத்த நாளும் திறந்தார். அதற்கடுத்த நாளும். ரபுலா முட்டையின்மேல் நடப்பதுபோல மிதித்துப் பார்த்தான். எப்படி மிதித்தாலும் முனையில் ஒரு 'ப்' வந்துவிடும். லெசிபா வீட்டில் தினமும் இரண்டு பேருக்குச் சமையல் ஆகிறது, ஒரு தட்டு நாய்க்குப் போகிறது என்று எங்கள் வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரபுலா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு லெசிபாவின் அம்மாவைப் பார்க்கப் போனான். துணைக்கு நான். அவன் வாழ்க்கையில் முதல்முறையாகக் குறைந்த சொற்களில் பேசினான்.

"நாளைக்கே கழட்டிடுறேன்மா. பழசையே மாட்டிக்கிறேன்."

"கழட்டிட்டு இதை எங்க போடுவ?"

ரபுலா தொப்பியைக் கையில் சுற்றினான்.

"அந்தக் காயலான் கடைக்கே திரும்ப அனுப்பாதப்பா. அங்க கெடந்தது போதும்," என்றார். கொஞ்சநேரம் கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். "அவன் இல்லன்னு எனக்குத் தெரியும். காலுக்குத்தான் தெரியல. சத்தம் கேட்டா எழுந்து போயிடுது."

ஜன்னல் வழியாக கேட்டைப் பார்த்தார்.

"திறக்குறது கஷ்டமில்லப்பா," என்றார். "மூடிட்டு உள்ள வர்றதுதான்."

சாப்பிடாமல் போகக் கூடாது என்று உட்காரவைத்தார். எனாமல் தட்டு ஏற்கெனவே மேசையில் இருந்தது. அதை ரபுலா பக்கம் நகர்த்தவில்லை. எங்களுக்கு வேறு தட்டு எடுத்தார். ரபுலா களியை உருட்டி உருட்டி வைத்துக்கொண்டே இருந்தான். எவ்வளவு விழுங்கினான் என்று தெரியாது.

திங்கட்கிழமை சாயங்காலம் கல்லூரி வாசலில் என்னை ஏற்றிக்கொண்டான். குழாயைக் கழட்டியிருக்கவில்லை. பள்ளிக்கூட முனைக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை ஓரம்கட்டி எஞ்சினை அணைத்தான். போன் வந்திருக்கிறது போல என்று நினைத்தேன். அவன் கியரை நியூட்ரலில் போட்டு, கதவைத் திறந்து இறங்கினான். ஜன்னல் வழியாகக் கைவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தான். தோளைக் கதவுச் சட்டத்தில் கொடுத்தான்.

நான் இறங்கிப் பின்னால் போனேன். ஜிடிஐ கனமான வண்டி. முதல் அடி நகருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

முனை திரும்பியபோது ஃப்ரான்ஸ் மாமா கடையிலிருந்து ரொட்டியோடு வந்துகொண்டிருந்தார். நின்று பார்த்தார். ரபுலாவும் பார்த்தான். ஆடு, கயிறு, மேய்ச்சல் எல்லாவற்றையும் அவர் இப்போது வட்டியோடு திருப்பிக் கொடுக்கலாம். தெருவே கேட்டு ரசிக்கும்.

"ஹேண்ட் பிரேக் எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

ரபுலா தலையாட்டினான். மாமா ரொட்டியை வண்டிக் கூரைமேல் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து இரண்டு கையையும் கொடுத்தார். அவருக்கு வித்தை தெரியும்; வண்டி உடனே இலகுவாகிவிட்டது.

மூன்றாவது வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்தது. பானையில் கரண்டி இடிக்கிற சத்தம் கேட்டது. டயரின் கீழே சின்னக் கல் நொறுங்கியதற்கே ரபுலா பல்லைக் கடித்தான். கேட் மூடியபடியே இருந்தது. நாங்கள் கடந்தோம். உள்ளே கரண்டிச் சத்தம் நிற்கவில்லை.

கடைசி வீட்டுக்கு வந்ததும் மாமா ரொட்டியை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். ரபுலா தன் கேட்டைத் தானே திறந்தான். வண்டியை உள்ளே தள்ளி நிறுத்தி, கேட்டை மெதுவாகச் சாத்தினான்.

உள்ளேயிருந்து அவன் அம்மா, யாரு என்று கேட்டார்.

"நான்தாம்மா," என்றான், எனக்கே கேட்காத குரலில்.