பதினேழாம் எண் வீட்டில் நான்கு பேர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் பாதிதான் எனக்குக் கிடைத்தது. தாம்பரம் மார்க்கெட்டில் சங்கரா மீன் வாங்க நின்றபோது, பக்கத்தில் நின்ற அம்மாளும் மீன் விற்கும் காந்தாவும் பேசியது காதில் விழுந்தது. மீதியை நானே நிரப்பியிருக்கிறேன். நிரப்புவது எத்தனை வில்லங்கமான வேலை என்பதுதான் கதையே.

2

ஜோதிலட்சுமி, வயது ஐம்பத்தொன்று, மக்கள்தொகை ஆய்வாளர், கட்டுரைகள் நாற்பத்து... (பயோடேட்டா மாதிரி இருக்கிறது. விட்டுவிடுகிறேன்.)

மழை வரப்போகிற ஒரு காலையில் ரயிலடியில்... (சினிமா மாதிரி. இதுவும் வேண்டாம்.)

சரி, உள்ளபடியே சொல்கிறேன். மார்க்கெட்டில் என் பக்கத்தில் நின்ற அந்த அம்மாள்தான் ஜோதிலட்சுமி. எந்தத் தெருவில் எத்தனை பேர், எந்த மழைக்கு எங்கே டெங்கு வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது ஜோதிலட்சுமியின் வேலை. இருபத்து நான்கு வருடமாக அவள் வேறொன்றும் செய்ததில்லை. வண்டலூரிலிருந்து கடற்கரைவரை அவளுடைய கம்ப்யூட்டருக்குள் ஓர் ஊரே இருந்தது. மத்தியானம் கண்ணயர்ந்தால் அந்த ஊரில் நடப்பாள். கொடியில் துணி காயும், காற்றடித்தாலும் அசையாது. யாரும் அவளை ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள். ஆனால் அத்தனை பேருடைய வயதும் அவளுக்குத் தெரியும்.

அந்த ஊரைக் கட்ட அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். கணக்கெடுக்கப் போகிறவர்கள் கதவில் சாக்பீஸால் எண் போடுவார்கள். வீடு பூட்டியிருந்தால் எண்ணுக்குக் கீழே ஒரு வட்டம். வட்டம் போட்ட வீட்டுக்கு, திறந்திருக்கும் பக்கத்து வீட்டின் விவரத்தையே எழுதிக்கொள்ளலாம். அதற்கு ‘ஜோதி முறை’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். பேராசிரியர் பதவி வந்ததும் அதனால்தான்.

[அடிக்குறிப்பாக வரவேண்டியது: கதை எழுதுகிறவர்கள் காலங்காலமாகச் செய்வதும் இதைத்தான். எங்களுக்கு யாரும் பதவி தருவதில்லை, அவ்வளவுதான்.]

3

அன்று ஞாயிற்றுக்கிழமை. மழைக்கு முன்னால் எங்கெங்கே காய்ச்சல் முகாம் போடுவது, கொசுமருந்து அடிப்பது என்ற பட்டியல் மறுநாள் ஜோதிலட்சுமியின் கையெழுத்தோடு போகவேண்டும். காந்தாவின் குப்பம் அதில் கடைசி. உங்க பக்கம் காய்ச்சலே இல்லை, கொடுத்துவைத்தவர்கள் என்று காந்தாவிடம் அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

காந்தா செதில் உரிப்பதை நிறுத்தினாள்.

“யாருக்கா சொன்னது? எங்க வூட்டுக்கு யாருமே வர்லியே. காத்தால நாலு மணிக்குப் பூட்டிகினு வந்தா, திரும்பிப் போகசொல்லோ மூணு ஆயிடும். தெருவே அப்டித்தான். கதவுல பதினேழுன்னு எழுதி, கீழ முட்டையாட்டம் ஒன்னு போட்டுட்டுப் போயிருந்தாங்க.”

அந்த முட்டை எது என்று ஜோதிலட்சுமிக்குத் தெரியும். கணக்கெடுப்பவர்கள் பதினோரு மணிக்குப் போகிறவர்கள். அந்த நேரத்தில் குப்பத்தில் திறந்திருந்தவை, ஜன்னலுக்குக் கொசுவலையடித்து, வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கும் நான்கு வாடகைக் குடும்பங்கள். மீன் விற்கப் போனவர்களின் அறுபத்திரண்டு வீடுகளும் அந்த நான்கின் நகல்கள். இருபத்து நான்கு வருடத்தில் இப்படி எத்தனை தெருக்கள்!

“எங்க வூட்ல எத்தினி பேருன்னு போட்டுகீது?”

ஜோதிலட்சுமி போனில் தேடிப் பார்த்தாள். “நாலு பேர். ஆம்பளை ஒருத்தர், பொம்பளை ஒருத்தர், ஒரு பையன். பதினாலு வயசுல ஒரு பொண்ணு. யாருக்கும் காய்ச்சல் இல்லை.”

காந்தா கத்தியைப் பலகைமேல் வைத்தாள். அவளுடைய பதினாலு வயது மகள் ஸ்நேகா போன ஐப்பசியில் ஐந்தே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். கணக்கெடுத்தது அதற்கப்புறம், மாசியில். அந்த ஐப்பசி முழுக்கக் காந்தா கடை போடவில்லை. ஜோதிலட்சுமி பக்கத்துக் கடையில் மீன் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

இதையெல்லாம் அழாமல் சொல்லிவிட்டுக் காந்தா கேட்டாள்:

“அவ அங்க நல்லா கீறாளாக்கா?”

4

முடிவு ஒன்று: ஜோதிலட்சுமி அறுபத்திரண்டு வீடுகளையும் அழிக்கிறாள். தன் முறையே தப்பு என்று தன் பெயர் போட்டு எழுதுகிறாள். (இத்தனை சுலபமாகவா?)

முடிவு இரண்டு: கையெழுத்துப் போட்டுவிடுகிறாள். குப்பத்தில் இன்னொரு ஐப்பசி... (இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.)

முடிவு மூன்று: அந்த மத்தியானம் அவள் காற்றில்லாத தன் ஊருக்குள் நடக்கிறாள். பதினேழாம் எண் கதவைத் தட்டுகிறாள். இரட்டைச் சடையோடு ஒரு பெண் திறந்து, அந்த ஊரிலேயே முதல் ஆளாக அவளைப் பார்த்துச் சிரிக்கிறாள். குப்பத்துக்கு முகாம் வரவேண்டுமென்றால் இந்தப் பெண்ணை அழிக்கவேண்டும். ஜோதிலட்சுமியின் விரல் பொத்தான்மேல்...

இல்லை. இந்த இரட்டைச் சடை என் பக்கத்து வீட்டுப் பெண்ணுடையது. ஸ்நேகாவை நான் பார்த்ததே இல்லை.

காந்தாவுக்கு ஜோதிலட்சுமி என்ன பதில் சொன்னாள் என்பதும் எனக்குத் தெரியாது. என் மீனை வாங்கிக்கொண்டு நான் கிளம்பிவிட்டேன். நின்றிருக்கலாம். ஆகவே இந்த இடத்தை நிரப்பாமல் வட்டம் போட்டு விடுகிறேன்:

○

தெரிந்தே தீரவேண்டுமென்றால் நீங்களே போய்க் கேளுங்கள். மூன்று மணிக்கு மேல் போங்கள், வீட்டில் இருப்பார்கள்.